உயிர் காக்கும் அறையும் உயிர் பிரியும் மனையும்

1952ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஐந்து நாள் இடைவெளியில், ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவிலுள்ள இரு நகரங்களில் இரண்டு செயல்கள் நிகழ்ந்தன. அத்திங்கள் 22ஆம் நாள், கல்கத்தாவில் காளிகட்டக் கோயிலை ஒட்டியிருந்த யாத்திரிகர் சத்திரத்தின் ஒரு பகுதியில், தெருவோரம் கிடந்து உயிர்விடும் ஏழைகளுக்கென ஒரு மனை திறக்கப்பட்டது. 27ஆம் நாள், டென்மார்க்கு நாட்டுத் தலைநகராகிய கோபன்ஹேகனில், மூச்சு நின்றுபோகும் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, அக்குழாயோடு இணைத்த ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி, ஒரு மருத்துவர் அவளைப் பிழைக்க வைத்தார். முன்னது சாவோர்க்குத் துணை நிற்கும் பணி. பின்னது சாவையே வாயிலில் மறிக்கும் பணி. கல்கத்தாவில் நடந்ததைக் கோபன்ஹேகன் அறியாது. கோபன்ஹேகனில் நடந்ததைக் கல்கத்தா அறியாது. எனினும் இன்று பெருநகர மருத்துவமனைகளின் 'ஐ.சி.யு.' வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இந்த இரண்டு பணிகளுக்கும் நடுவேதான் நிற்கிறது.

தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் குடித்தனம் செய்யும் நமக்கு இவ்வரலாறு சற்றுக் கூடுதலாகவே வேண்டுவதொன்று. ஊரில் ஒரு பெரியவர் படுக்கையில் விழுந்தால் சித்தப்பாவும் மாமாவும் அத்தையும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருவர். தெரிந்த வைத்தியர் ஒருவர் மனம் விட்டு நாலு வார்த்தை சொல்லுவார். இங்கோ, நள்ளிரவில், பாதி புரிந்த மொழியில் அச்சிட்ட தாளொன்றில், துணைக்கு ஒருவருமின்றி மகனோ மருமகளோ கையெழுத்திட வேண்டியிருக்கிறது. அந்தத் தாளுக்குப் பின்னால் எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

கோபன்ஹேகனிலிருந்து தொடங்குவோம். 1952 கோடையில் அந்நகரை இளம்பிள்ளை வாதம் கடுமையாகத் தாக்கிற்று. பிளெக்டாம் என்னும் தொற்றுநோய் மருத்துவமனைக்கு ஆண்டு முடிவதற்குள் 2,700க்கும் மேற்பட்ட நோயாளிகள் வந்து சேர்ந்தனர். உச்சக் கட்டத்தில் ஒரே நாளில் 50 பேர் வரை வந்ததுண்டு. அவர்களுள் 300க்கும் மேற்பட்டோருக்கு மூச்சுவிடும் தசைகளோ விழுங்கும் தசைகளோ முடங்கிப்போயின. இத்தகையோருக்கு அதுவரை மருத்துவ உலகம் அறிந்திருந்த துணை 'இரும்பு நுரையீரல்' எனப்பட்ட பொறி ஒன்றே. அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் 1928இல் முதன்முதலாகப் பயன்பட்ட அப்பொறி, தலையை மட்டும் வெளியே விட்டு உடல் முழுவதையும் உள்ளே வைத்து மூடும் ஓர் இரும்புக் கூடு. உள்ளே காற்றழுத்தத்தை மாறி மாறிக் குறைத்தும் கூட்டியும் மார்பை விரித்துச் சுருக்கும். பிளெக்டாமில் அத்தகைய பொறி ஒன்றே ஒன்றிருந்தது; மார்பின்மீது கவிக்கும் சிறு கருவிகள் ஆறு இருந்தன. முதல் மூன்று வாரங்களில் மூச்சு முடங்கிய 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

மருத்துவமனைத் தலைவர் லாசன், வேறு வழியின்றி, பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருத்துவரை அழைத்து யோசனை கேட்டார். அக்காலத்தில் மயக்க மருத்துவர் என்பவர் அறுவை அரங்கை விட்டு வெளியே வருபவர் அல்லர். தொற்றுநோய் வார்டில் அவருக்கு என்ன வேலை என்று எண்ணியோர் பலர். ஆனால் இறந்தோரின் குறிப்பேடுகளைப் புரட்டிய இப்சன் மற்றவர் காணாத ஒன்றைக் கண்டார். அவர்களுடைய இரத்தத்தில் கரியமில வாயுவோடு தொடர்புடைய உப்பின் அளவு மிகுந்திருந்தது. நோய் விளைவித்த ஏதோ புதிரான காரத்தன்மை அது என்று மற்றவர் கருதியிருந்தனர். இப்சனோ, வெளியேற வேண்டிய கரியமில வாயு வெளியேறாமல் தேங்கியதே அது என்றார். அதாவது, அக்குழந்தைகள் வாதக் கிருமியால் மூளை அழிந்து சாகவில்லை. காற்றுப் போதாமல் சாகிறார்கள். அறுவை அரங்கில் தசைகளைத் தளரச் செய்யும் மருந்தைக் கொடுத்துவிட்டு, நோயாளிக்காகத் தாமே பையை அமுக்கி மூச்சுவிடுவது மயக்க மருத்துவருக்கு நாள்தோறும் கைவந்த வேலை. அதையே ஏன் இங்கும் செய்யலாகாது?

27ஆம் நாள் நடந்தது எளிதில் வந்த வெற்றியன்று. தொண்டையில் துளையிட்டதும் சிறுமி திமிறினாள், மூச்சுக்குழல் இறுகிற்று, பை அசையவில்லை. பார்த்து நின்ற மருத்துவருட் சிலர், இனிப் பயனில்லை என்று அறையைவிட்டு வெளியேறிவிட்டனர். இப்சன் ஒரு மயக்க மருந்தைச் செலுத்தினார், திமிறல் அடங்கிற்று, பை அசைந்தது, நிறம் மாறியிருந்த முகம் மெல்லத் தெளிந்தது. அச்சிறுமி பின்னும் பல ஆண்டுகள் வாழ்ந்தாள்.

ஒரு சிறுமிக்கு ஒரு மருத்துவர் போதும். ஒரே வேளையில் 70 பேருக்கு யார் பையை அமுக்குவது? அந்நகரின் மருத்துவ மாணவர்கள் அழைக்கப்பட்டனர். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக, ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் அமர்ந்து, கையால் பையை அமுக்கி, பிறருக்காக மூச்சுவிட்டனர். மொத்தம் 1,65,000 மணி நேரம் என்பது கணக்கு. பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டியதும் அவர்களே. கண்ணிமைப்பையும் உதட்டசைவையும் கொண்டு அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கற்றுக்கொண்டதும் அவர்களே. நூற்றுக்கு 80க்கு மேலிருந்த சாவு ஏறத்தாழ 40ஆகக் குறைந்தது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயாளி, வைத்தியன், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவது உறுப்பாக 'உழைச்செல்வான்' என ஒருவன் வைக்கப்பட்டிருக்கிறான். அருகிலிருந்து மருந்து கொடுத்துப் பேணுபவன் என்பர் உரையாசிரியர். அந்நான்காமவனை அவ்வளவு பெருந்தொகையில் ஒரே கட்டடத்தில் கண்ட நிகழ்ச்சி வரலாற்றில் வேறொன்று உண்டா என்பது எமக்கு ஐயமே.

1953ஆம் ஆண்டு இறுதியில் கோபன்ஹேகன் நகராட்சி மருத்துவமனையில் இப்சன் ஒரு தனி அறையை அமைத்தார். எந்த நோயாயினும், உயிர் ஊசலாடும் நிலையிலுள்ளோர் அனைவரையும் ஓரிடத்தில் வைத்து, இடையறாது கவனிக்கும் அறை அது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று நாம் வழங்குவதன் தொடக்கம் அதுவே எனப் பெரும்பாலோர் ஒப்புவர். இதற்குள் ஸ்வீடனில் எங்ஸ்ட்ரோம் என்பவர் செய்த பொறி, மாணவர் கையின் வேலையை ஏற்றுக்கொண்டது. 1958இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பீட்டர் சஃபர் இத்தகைய பிரிவொன்றைத் தொடங்கினார். நின்ற இதயத்தை மார்பின் மேலிருந்தே அழுத்தி இயக்கும் முறை 1960இல் வெளியாயிற்று. பத்தாண்டுக்குள் ஒரு புதிய மருத்துவமே எழுந்து நின்றது.

பொறியின் வரவால் ஒரு கேள்வியும் கூடவே வந்தது. மாணவன் கை சலிக்கும். சலிக்கும்போது 'இன்னும் எத்தனை நாள்?' என்று யாரேனும் கேட்டே தீர வேண்டும். பொறி சலிப்பதில்லை, ஆதலால் அது எவரையும் கேட்க வைப்பதுமில்லை. மூளை மாண்ட பின்னும் பொறியின் உதவியால் மார்பு ஏறி இறங்குவதை 1959இல் பிரெஞ்சு மருத்துவர் மொலரேயும் குலோனும் எழுதி வெளியிட்டனர். அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1957 நவம்பரில், மயக்க மருத்துவர்கள் எழுப்பிய வினாவுக்கு விடையாகப் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர், இயல்பான சிகிச்சையைக் கைவிடலாகாது; ஆனால் இயல்பை மீறிய முறைகளைத் தொடர்ந்தே தீரவேண்டும் என்னும் கடமை இல்லை என்று கூறியிருந்தார். 1968இல் ஹார்வர்டு பல்கலைக் கழகக் குழு மூளைச்சாவுக்கு இலக்கணம் வகுத்தது. நம் நாட்டில் மூளைத்தண்டு இறப்பைச் சட்டம் ஏற்றது 1994இல், உறுப்பு மாற்றுச் சட்டத்தின் வாயிலாக. அதுவும் உறுப்புத் தானத்தை எண்ணி இயற்றியதேயன்றி, பொறியை எப்போது நிறுத்தலாம் என்பதை எண்ணி அன்று.

இப்சனையே இக்கேள்வி விடவில்லை. 1974இல், டென்மார்க்கு வானொலிப் பேட்டி ஒன்றில், மீள வழியே இல்லாத நோயாளிகளுக்குச் சிகிச்சையை நிறுத்துவது பற்றி அவர் ஒளிவுமறைவின்றிப் பேசினார். அந்நாட்டில் பெரும் விவாதம் மூண்டது. பையை முதலில் அமுக்கிய கையின் சொந்தக்காரர், அமுக்குவதை எப்போது விடுவது என்பதையும் பேசியாக வேண்டும் என்று கருதியதில் நாம் வியப்படைய ஒன்றுமில்லை. வியப்பு, அதைக் கேட்டு மற்றவர் திடுக்கிட்டதே.

இனி மற்றொரு மனைக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ஹாஸ்பிஸ்' என்னும் சொல்லுக்குத் தமிழ் தேடுவதில் எம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் படும் பாடு சிறிதன்று. 'இறுதிநிலை நோயாளி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'முனைய நோயாளி' என்று ஒரு வரைவில் கண்டதுண்டு; பேருந்து நிலையத்தில் படுத்திருக்கும் நோயாளியோ என்று படித்தவர் மயங்குவர். 'ஹாஸ்பிஸ்' என்பதன் வேர்ச்சொல் இலத்தீனில் விருந்தினனையும் விருந்தளிப்பவனையும் ஒருங்கே குறிப்பது. மருத்துவமனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் முளைத்ததே. இடைக்கால ஐரோப்பாவில் வழிநடைப் பயணிகள் தங்கிச் செல்லும் இடத்துக்கு அது பெயராயிருந்தது. நம்முடைய சத்திரம் என்னும் சொல் அதற்கு எவ்வளவு பொருந்துகிறது! காளிகட்டத்து மனை ஒரு சத்திரத்திலேயே தொடங்கியது இதனால் தற்செயலாயினும் தகுதியுடையதே. காசியில் 1958இல் தொடங்கிய முக்தி பவனும் இவ்வகையினதே: அங்கே மருத்துவம் இல்லை, இறுதி நாள்களைக் கங்கைக் கரையில் கழிக்க வந்தவருக்கும் உடன்வந்த உறவினருக்கும் அறையும், பாராயணமும் உண்டு, ஏறத்தாழ இரு வாரம் என்பது தங்கும் வரையறை.

எனினும் தங்க இடமும் தலைகோத ஒரு கையும் மட்டும் போதுமா? இவ்விடத்தில்தான் லண்டன் மாநகர மாது ஒருவரின் வரலாறு குறுக்கிடுகிறது. சிசிலி சாண்டர்ஸ் 1918இல் பிறந்தவர். முதலில் செவிலியாகப் பயின்றார். முதுகு நோயால் அப்பணியை விட்டு, மருத்துவமனையில் நோயாளிகளின் குடும்ப நலம் காக்கும் அலுவலரானார். வார்சாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்திருந்த டேவிட் டாஸ்மா என்னும் யூதர், 40 வயதில், உற்றார் உறவினர் எவருமின்றிப் புற்றுநோயால் லண்டனில் இறந்துகொண்டிருந்தார். இருவரும் கட்டிலருகே அமர்ந்து, இத்தகையோர்க்கு எப்படிப்பட்ட இல்லம் வேண்டும் என்று பேசிப் பேசிப் பொழுதைக் கழித்தனர். 1948இல் இறக்கும்போது அவர் 500 பவுனை சிசிலிக்கு எழுதிவைத்து, நீர் கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு சாளரமாக இருப்பேன் என்னும் கருத்துப்படச் சொல்லிப் போனார். அந்தச் சாளரத்துக்கு இல்லம் கட்ட 19 ஆண்டுகள் ஆயின. அயலூரில் தனியே மாளும் ஒருவனுடைய வேண்டுகோளிலிருந்து இவ்வியக்கம் முளைத்தது என்பதை, அயலூரில் வாழும் நாம் ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம்.

இடைப்பட்ட காலத்தை சிசிலி வீணாக்கவில்லை. சாவோரை மருத்துவர்களே கைவிடுகின்றனர். ஆகவே மருத்துவராகி வந்து பேசு என்று ஓர் அறுவை மருத்துவர் அவரிடம் கூற, முப்பது வயதைக் கடந்தபின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1957இல் பட்டம் பெற்றார். லண்டனின் ஹாக்னிப் பகுதியில் ஐரியக் கன்னியர் 1905 முதல் நடத்திவந்த தூய சூசையப்பர் இல்லத்தில் பணியேற்றார். அன்று மருத்துவமனைகளில் வலி தாங்காமல் நோயாளி கதறிய பிறகே மார்பின் ஊசி போடப்படும், அதன் வேகம் தணிந்ததும் மீண்டும் கதறல், மீண்டும் ஊசி. சாண்டர்ஸோ, வாய்வழி மருந்தாக, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி தலையெடுக்கும் முன்னரே கொடுத்தார். நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் குறிப்பெடுத்துப் பதிவு செய்தார். மருந்துக்கு அடிமையாவர், அளவு ஏறிக்கொண்டே போகும் என்ற அச்சங்களை அப்பதிவுகள் பொய்யாக்கின. உடல் நோவோடு, பணக்கவலையும் குழந்தைகளைப் பற்றிய ஏக்கமும் 'எனக்கு ஏன் இது' என்னும் வினாவும் சேர்ந்ததே வலி என்று கண்டு, அதனை 'முழுமையான வலி' என்றார். 1967இல் லண்டனின் தென்பகுதியில் தூய கிறிஸ்டபர் இல்லம் திறக்கப்பட்டது. மருத்துவம், ஆராய்ச்சி, கற்பித்தல் மூன்றும் ஒருங்கே அமைந்த முதல் இல்லம் அது. 2005இல் சாண்டர்ஸ் தம் இறுதி மூச்சை விட்டதும் அவ்வில்லத்திலேயே.

மான்ட்ரியல் நகர மருத்துவர் பால்ஃபர் மவுண்ட் லண்டனில் அனைத்தையும் கற்றுச் சென்று, 1975இல் ஒரு பெரிய மருத்துவமனைக்குள்ளேயே அத்தகைய பகுதியைத் தொடங்கினார். பிரெஞ்சு மொழியில் 'ஹாஸ்பிஸ்' என்பது அனாதை விடுதியை நினைவூட்டுமாதலால், மேலாடையைக் குறிக்கும் 'பாலியம்' என்னும் இலத்தீன் சொல்லோடு உறவுடைய ஒரு பெயரை இட்டார். குளிரில் நடுங்குபவனுக்குப் போர்வை போர்த்துவது போன்ற மருத்துவம். இதனைத் தமிழில் நோய்த்தணிப்பு என்கிறோம், போர்வையை விட்டுவிட்டோம்.

மார்பின் என்னும் இச்சிறு மருந்தைக் கொண்டு காளிகட்டத்தை அளந்தவர்களும் உண்டு. 1994இல் லண்டனின் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றின் ஆசிரியர் அங்கே நேரில் சென்று கண்டு, பரிவுக்குக் குறையில்லை, ஆனால் வலுவான வலிதணி மருந்து இல்லை என்று எழுதினார். அன்னை தெரசாவின் அன்பர்களுக்கு அது வருத்தமளித்தது. ஆயின் அன்றைய இந்தியாவில் மார்பின் இல்லாதது அந்த மனை ஒன்றில் மட்டுமா?

இங்கேதான் நம் நாட்டு வரலாற்றின் மிகக் கசப்பான பக்கம் வருகிறது. மார்பின் அபினியிலிருந்து எடுக்கப்படுவது. அபினியைச் சட்டப்படி விளைவித்து உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச வயல்களில் உரிமம் பெற்ற உழவர் பயிரிட, காஜிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள மைய அரசின் ஆலைகள் அதனைப் பக்குவப்படுத்துகின்றன. 1985இல் போதைப் பொருள்களைத் தடுக்கக் கடுஞ்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நோக்கம் நன்று, ஆனால் மார்பின் வாங்க ஒரு மருத்துவமனை மாநில அரசின் பல்வேறு துறைகளிடம் பல்வேறு உரிமங்களைப் பெற வேண்டியதாயிற்று. ஓர் உரிமம் கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகும். எழுத்துப் பிழை ஒன்று நேர்ந்தாலும் சிறைத்தண்டனை உண்டு என்ற அச்சத்தில் மருந்துக்கடைகள் அதைத் தொடவே மறுத்தன. விளைவு, நாட்டின் மருத்துவ மார்பின் உபயோகம் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வீழ்ந்து, 1997இல் 18 கிலோ என்னும் அளவுக்கு இறங்கிற்று. நூறு கோடியை நெருங்கிய மக்களுக்கு 18 கிலோ! அரசாங்கக் கோப்புகளோடு பழகியவர்கள் இதைக் கேட்டு வெட்கப்படத்தான் வேண்டும். நாமும் அவர்களுள் ஒருவரே.

இத்தடைகளுக்கு நடுவேயும் சிலர் வேலை செய்தனர். பம்பாயில் 1986இல் புற்றுநோய் அறுவை மருத்துவர் லூயிஸ் டிசூசாவின் முயற்சியால் சாந்தி ஆவேதனா என்னும் இல்லம் எழுந்தது; நவீன முறையில் இந்தியாவின் முதல் 'ஹாஸ்பிஸ்' அதுவே. தில்லியில் 1996இல் ஹர்மாலா குப்தா தொடங்கிய 'கேன்சப்போர்ட்', கட்டடம் கட்டாமல் மருத்துவரையும் செவிலியரையும் வீடுகளுக்கே அனுப்பியது. பெங்களூரின் கருணாசிரயம் 1999 முதல் நடக்கிறது. இவை கட்டணம் வாங்குவதில்லை என்பதை, அந்நகரங்களில் வாழும் நம்மவர் பலர் அறியார்.

ஆனால் கதையின் திருப்பம் கோழிக்கோட்டில் நிகழ்ந்தது. அங்கே மருத்துவக் கல்லூரியில் மயக்க மருத்துவராயிருந்த எம்.ஆர். ராஜகோபாலிடம், முகத்தில் பரவிய புற்றுநோயின் வலியோடு ஒரு கல்லூரி ஆசிரியர் வந்தார். நரம்பில் ஊசி செலுத்தி வலியை முற்றும் அடக்கினார் மருத்துவர். மறுபடி எப்போது வரவேண்டும் என்று கேட்டவரிடம், வலி திரும்பினாலன்றி வரத் தேவையில்லை என்று கூறப்பட்டது. தம் நோய் தீராது என்பதை அவர் அப்போதுதான் அறிந்தார். அன்றிரவே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நரம்பைக் குணப்படுத்தினேன், மனிதரைக் கவனிக்கவில்லை என்னும் கருத்தில் ராஜகோபால் இதைப் பின்னாளில் பலமுறை வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். 1993இல் அவரும் சுரேஷ் குமாரும் சில நண்பர்களும் சேர்ந்து வலிதணிப்புச் சங்கமொன்றைத் தொடங்கினர். கோபன்ஹேகனில் அறுவை அரங்கை விட்டு வெளியே வந்தவர் ஒரு மயக்க மருத்துவர். கோழிக்கோட்டிலும் அவ்வாறே வந்தவர் மற்றொரு மயக்க மருத்துவர் என்பதைக் குறித்துக்கொள்வோம். மயக்கம் தரும் தொழிலினர்தாம் இரண்டு வாயில்களையும் திறந்தனர் போலும்!

கோழிக்கோட்டார் செய்த புதுமை, பணியை மருத்துவரிடமிருந்து அக்கம்பக்கத்தாரிடம் கொண்டு சென்றதே. 2001 முதல், ஊர்தோறும் ஆசிரியர், கடைக்காரர், மாணவர், கூலியாள் எனப் பலதரத்தார் சில நாள் பயிற்சி பெற்று, தத்தம் தெருவிலுள்ள படுக்கை நோயாளிகளைச் சென்று கண்டனர். வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் சிறுசிறு தொகையாகப் பணம் திரட்டினர். கட்டில் புண்ணைக் கழுவவும், அரிசி வாங்கிக் கொடுக்கவும், வெறுமனே உட்கார்ந்து பேசவும் ஆள் கிடைத்தது. கோபன்ஹேகன் மாணவர்கள் ஒரு கட்டடத்துக்குள் செய்ததை இவர்கள் ஒரு மாவட்டம் முழுவதும் செய்தனர் எனலாம். 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. இந்தியாவில் அத்தகைய முதல் அறிவிப்பு அது. ராஜகோபாலும் பிறரும் பல்லாண்டு மன்றாடியதன் பயனாக 2014இல் போதைப் பொருள் சட்டம் திருத்தப்பட்டு, மார்பின் முதலியன 'இன்றியமையா மருந்துகள்' எனத் தனியே பிரிக்கப்பட்டு, நாடு முழுவதற்கும் ஒரே விதி ஏற்பட்டது. சட்டம் திருந்திய அளவு பழக்கம் திருந்தியதென்று சொல்வதற்கில்லை. பல மாவட்டங்களில் இன்றும் மார்பின் கிடைப்பதரிது.

இத்தனை நாளும் தீவிர சிகிச்சை தன் வழியே வளர்ந்து கொண்டிருந்தது. அத்துறை மருத்துவர்களின் இந்தியச் சங்கம் 1993இலும், நோய்த்தணிப்பு மருத்துவத்தின் இந்தியச் சங்கம் 1994இலும் தோன்றின. ஓராண்டு இடைவெளியில் பிறந்தும், இரண்டும் நெடுநாள் தனித்தனியே நடந்தன. நடுவே அகப்பட்டவர் நோயாளிகள். பொறியை நிறுத்தினால் கொலைக்குற்றம் ஆகுமோ என்று மருத்துவர் அஞ்சினார்; நாளொன்றுக்கு ஏறும் கட்டணத்தைக் கண்டு குடும்பம் அஞ்சிற்று. ஆகவே நம் நாட்டில் ஒரு விசித்திரமான வழி பிறந்தது: மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம் என்று உறவினர் எழுதிக்கொடுத்து, நோயாளியை வீட்டுக்குக் கொண்டுபோவது. தாள் அளவில் எவர்மீதும் குற்றமில்லை. ஆனால் அந்த நோயாளி, வண்டியிலோ வீட்டுக் கட்டிலிலோ, மூச்சுத் திணறலைத் தணிக்கும் ஒரு சொட்டு மருந்துமின்றி, காளிகட்டத்துப் பரிவோ கோபன்ஹேகனின் பொறியோ எதுவும் இன்றி இறந்துபோவார். உயிர் காக்கும் அறைக்கும் உயிர் பிரியும் மனைக்கும் இடையில் ஒரு கதவு இல்லாமையால் நேர்ந்த துன்பம் இது. நம்மவர் இல்லங்கள் பலவற்றில், அப்பாவை அப்படிக் கொண்டுவந்தது சரியா தவறா என்று இன்றும் அண்ணனும் தம்பியும் முகங்கொடுத்துப் பேசாதிருக்கின்றனர்.

2014இல் இரு சங்கங்களும் சேர்ந்து, மீளவொண்ணாத நோயாளிக்குத் தீவிர சிகிச்சையை நிறுத்தும்போதே நோய்த்தணிப்பைத் தொடங்க வேண்டும் என்று கூட்டாக ஒரு நெறிமுறையை வெளியிட்டன. சட்டம் அதற்குப் பின்னரே தெளிந்தது. தாக்குதலுக்கு ஆளாகி 1973 முதல் உணர்வற்றிருந்த செவிலி அருணா ஷான்பாகின் வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு உணவை நிறுத்த அனுமதி மறுத்தது. அவர் பணிபுரிந்த மும்பை மருத்துவமனையின் செவிலியர் தலைமுறை தலைமுறையாக அவரைப் பேணிவந்தனர். 2015இல் அவர் இயற்கையாக இறக்கும்வரை அவர் முதுகில் படுக்கைப் புண் வராமல் காத்தனர் என்பர். ஆயினும் அத்தீர்ப்பே, தக்க நிலையில் சிகிச்சையை விலக்கலாம் என்னும் கொள்கைக்கு முதன்முதலாக இடமளித்தது. 2018 மார்ச்சு 9ஆம் நாள் ஐந்து நீதிபதிகளின் அரசியல் சட்ட அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறி, ஒருவர் நல்ல நினைவோடிருக்கும்போதே தம் விருப்பத்தை எழுதிவைக்கலாம் என்று அனுமதித்தது. ஊசி போட்டு உயிரை முடிப்பதற்கு அதில் இடமில்லை. பயனற்ற சிகிச்சையை விலக்குவதற்கே இடம்.

நடைமுறை என்னவோ மலையளவு கடினமாயிருந்தது. அந்த ஆவணத்தில் மாஜிஸ்திரேட் ஒருவர் கையொப்பமிட வேண்டும் என்றிருந்ததால் அதனை எழுதினோர் மிகச் சிலரே. 2023 ஜனவரி 24ஆம் நாள் நீதிமன்றம் விதிகளை எளிதாக்கிற்று. இப்போது இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரியிடமோ கெஜட் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும். நோயாளி பேச இயலாத நிலையில், சிகிச்சை தரும் மருத்துவரோடு வேறு இருவர் கொண்ட முதற்குழுவும், மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் குறிப்பிடும் ஒருவரை உள்ளடக்கிய இரண்டாம் குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துக் கூற வேண்டும். கருநாடக அரசு 2025இல் இதனை நடைமுறைப்படுத்த மாவட்டங்களுக்கு ஆணை பிறப்பித்தது.

அந்த ஆவணத்தில், தாம் பேச இயலாதபோது தம் சார்பில் முடிவு கூறத்தக்க நெருங்கிய உறவினர் அல்லது நண்பர் ஒருவரையோ சிலரையோ பெயர் குறிப்பிட்டு எழுத வேண்டும். பிள்ளைகள் ஒருவர் அகமதாபாதிலும் ஒருவர் திருச்சியிலும் இருக்கும் குடும்பங்கள், மருத்துவமனைக்கு விரைந்து வரக்கூடியவர் யார் என்பதை முன்பே பேசிவைத்துக்கொண்டு அப்பெயரை எழுதுவது நலம். சான்றொப்பமிடும் அதிகாரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. மைய அரசின் எந்த அலுவலகத்திலும் நம்மவருள் ஒருவரேனும் கெஜட் பதிவு பெற்றவர் இருப்பார். குழந்தைகளின் பள்ளிச் சான்றிதழ்களில் மட்டுமே இதுவரை கையெழுத்திட்டுப் பழகிய அவர், இத்தாளைப் படித்துவிட்டுச் சற்றுத் தயங்கக்கூடும். தேநீர் கொடுத்து உட்காரவைத்து, விளக்கிச் சொல்ல வேண்டும். எழுதியதில் ஒரு பிரதியைக் குடும்ப மருத்துவரிடமும், ஒன்றை நகராட்சியிலோ ஊராட்சியிலோ அதற்கென அமர்த்தப்பட்ட அலுவலரிடமும் கொடுத்துவைக்கலாம்.